மறக்கத் தெரிந்த உலாவி

பாலக்கோடு தக்காளி மண்டியில் காலை வியாபாரம் முடிந்த பிறகுதான் என் கடையில் கூட்டம் சேரும். விரல்களில் தக்காளிக் காம்பின் பச்சைக் கறை போகாமல் வருகிறவருக்குப் பட்டா சிட்டா நகல் வேண்டும். அவருக்குப் பின்னால் நிற்கிற பெண்ணுக்குத் தேர்வின் ஹால் டிக்கெட். மாரண்டஅள்ளியிலிருந்து வந்த தம்பதிக்கு மகனின் வருமானச் சான்றிதழ். எல்லோருக்கும் திரும்பிப் போகிற பஸ்ஸின் நேரம் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 2007-இல் பிரவுசிங் சென்டர் என்று பலகை மாட்டித் தொடங்கிய கடை இது. மணிக் கணக்கில் காசு வாங்கிய காலம் போய்விட்டது. இப்போது மூன்று கணினி, ஒரு ஜெராக்ஸ் எந்திரம், ஒரு லேமினேஷன் எந்திரம், சுவரோரம் ஒரு நீள பெஞ்சு.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அதையே காரணமாக வைத்து மூன்று கணினிகளையும் துடைத்துப் புதிதாக அமைத்தேன். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், எட்ஜ், உலா ஆகிய நான்கு உலாவிகளையும் ஒவ்வொன்றாக வாரக்கணக்கில் கடையின் முழு வேலைக்கும் பயன்படுத்திப் பார்த்தேன். செயற்கை நுண்ணறிவோடு புதிதாக வந்திருக்கும் உலாவிகளில் ஒன்றை என் சொந்த மடிக்கணினியில் மட்டும் பார்த்தேன். என்னைப் போல் கடை வைத்திருப்பவர்களுக்கும், என்னைப் போன்றவர்களின் கடைக்கு வந்து கடவுச்சொல்லைத் தட்டிவிட்டுப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ஓடிபி வருவதற்காகக் கைப்பேசியைப் பார்த்தபடி காத்திருக்கும் நேரத்துக்கு முன்னால், ஒரு பக்கம் ஒரு நொடி முந்தித் திறந்தால் என்ன, பிந்தித் திறந்தால் என்ன? என் கேள்வி வேறு. ஒரே விசைப்பலகையில் நாள் முழுவதும் எத்தனையோ பேர் தங்கள் ஆதார் எண்ணை, வங்கிக் கணக்கை, கடவுச்சொல்லைத் தட்டுகிறார்கள். அவர்கள் எழுந்து போனதும் அந்த உலாவி அவர்களை மறக்கிறதா?

இந்தக் கேள்வி எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தேர்வு விண்ணப்பத்துக்காகத் தன் கணக்கில் நுழைந்தாள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்டிருக்கிறது. அவள் சரி என்று அழுத்தியிருக்கிறாள். மறுநாள் அதே ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞன் அதே தளத்தைத் திறந்தபோது அவளுடைய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தாமாகவே நிரம்பி நின்றன. ஒரு தட்டலில் அவளுடைய புகைப்படம், முகவரி, கைப்பேசி எண், தந்தையின் பெயர் எல்லாம் திரையில் வந்துவிட்டன. அந்த இளைஞன் நல்லவன். “அண்ணா, இது வேறு யாருடையதோ” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். காட்டாமல் இருந்திருந்தால்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அது எந்த உலாவி என்று எழுதப்போவதில்லை. அன்றைக்கு எல்லா உலாவிகளும் அப்படித்தான் கேட்டன, இன்றைக்கும் அப்படித்தான் கேட்கின்றன. உலாவியைச் செய்கிறவர்கள் ஒரு வீட்டில் ஒருவர் உட்கார்ந்து பயன்படுத்தும் கணினியை மனத்தில் வைத்துச் செய்கிறார்கள். அந்த வீட்டுக்கு நினைவு வசதி. என் கடைக்கு அதுவே ஆபத்து.

ஃபயர்ஃபாக்ஸிலிருந்து தொடங்குகிறேன். எனக்கும் அதற்கும் பழைய உறவு. 2008 ஜூன் 17 அன்று அதன் மூன்றாம் பதிப்பு வெளியானபோது ஒரே நாளில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவிறக்கிக் கின்னஸ் சாதனை ஆனது. அதில் ஒரு பதிவிறக்கம் இந்தக் கடையிலிருந்து போனது. அந்தப் பாசத்துக்காக இதை முதலில் வைக்கவில்லை. மறதியை இவ்வளவு நுணுக்கமாக நம் கையில் கொடுக்கும் உலாவி வேறொன்றை நான் பார்க்கவில்லை.

முதலில் அதன் தமிழ். இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றினால், தடம் பதியாமல் உலாவும் சாளரத்துக்கு அதில் ‘கமுக்கம்’ என்ற சொல் வருகிறது. “கமுக்கமாக இரு” என்று நம் பாட்டிகள் சொன்ன அதே சொல். குரோமில் ‘மறைநிலை’ என்று இருக்கிறது, அதுவும் தவறில்லை. ஆனால் மறைநிலை என்றால் என்ன என்று வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. கமுக்கம் என்றால் பஞ்சப்பள்ளியிலிருந்து வருகிற பெரியவருக்கும் உடனே புரிகிறது. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்த தன்னார்வலர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

அடுத்து, நான் மிகவும் மதிக்கும் வசதி: கொள்கலன்கள். ‘மல்டி அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ்’ என்பது ஃபயர்ஃபாக்ஸைச் செய்யும் மொசில்லாவே வெளியிட்டிருக்கும் நீட்சி, அதாவது உலாவியில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல். ஒரே சாளரத்துக்குள் ஒவ்வொரு டேபையும் தனித்தனி அறையாக்கிவிடுகிறது. வந்தவர் யார் என்பதை நினைவில் வைக்கத் தளம் உலாவியில் போட்டுவைக்கும் சிறு குறிப்புதான் குக்கி. ஓர் அறையில் போடப்பட்ட குக்கி அடுத்த அறைக்குத் தெரியாது. ஒரே அரசுத் தளத்தில் நான்கு பேரின் கணக்குகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்கலாம். நீல டேபில் காரிமங்கலத்துக்காரர், பச்சையில் அவருடைய மச்சினர், ஆரஞ்சில் ஓடிபிக்காகக் காத்திருக்கிற பெண். ஓடிபி வராதவரை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவரின் வேலையைப் பார்க்க முடிகிறது. முன்பெல்லாம் ஒருவரை முழுவதும் வெளியேற்றிவிட்டுத்தான் அடுத்தவரை உள்ளே விட வேண்டும். பாதியில் நின்ற விண்ணப்பம் போனது போனதுதான். என் மேசைக் கணினியில் நாள் முழுவதும் ஓடுவது இதுதான்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்து எழுந்தது. உலாவல் வரலாற்றை எப்போதும் நினைவில் வைக்காதே என்று அமைப்பில் சொல்லிவிட்டால் ஃபயர்ஃபாக்ஸ் முழுவதும் கமுக்க நிலைக்குப் போய்விடும். கமுக்க நிலையில் கொள்கலன்கள் வேலை செய்யாது. ஆகவே அதைத் தேர்ந்தெடுக்காமல், உலாவியை மூடும்போது குக்கிகளையும் வரலாற்றையும் அழித்துவிடு என்ற தெரிவை இயக்க வேண்டும். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்பதையும் அங்கேயே நிறுத்திவிடலாம். படிவத்தில் தட்டிய சொற்களை நினைவில் வைப்பதையும் நிறுத்த மறந்துவிடாதீர்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் முதல் எழுத்தைத் தட்டியதும் முன்னால் வந்தவரின் கைப்பேசி எண் கீழே எட்டிப் பார்க்கும்.

பதிவிறக்கிய கோப்பு இன்னொரு தனிக் கதை. மறைநிலை, கமுக்கம் என்று எந்தப் பெயரில் உலாவினாலும், இறக்கிய கோப்பு கணினியின் பதிவிறக்க அடைவில் அப்படியே இருக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை. இணையத்திலிருந்து இறக்கும் ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பேரெழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். பெயரும் வயதும் தெரிந்த எவரும் திறந்துவிடலாம். இத்தனை ஆண்டுகளாக ராத்திரி கடை மூடும்முன் அந்த அடைவை நானே கையால் காலி செய்துவந்தேன். 2025 செப்டம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 143-ஆம் பதிப்பிலிருந்து, கமுக்கச் சாளரத்தில் ஒரு கோப்பை இறக்கும்போதே, அந்த அமர்வு முடிந்ததும் அதை வைத்துக்கொள்வதா அழித்துவிடுவதா என்று உலாவியே கேட்கிறது. கடைக்காரன் ஒருவன் எதிரில் உட்கார்ந்து கேட்டு வாங்கிய வசதி போல இருந்தது எனக்கு. அந்த ஆண்டு வந்த வசதிகளில் எது பெரியது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

விளம்பரத் தடுப்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தொழிலில் விளம்பரம் என்பது வெறும் தொல்லை அல்ல. அரசுச் சேவையின் பெயரைத் தேடினால், அசல் தளத்துக்கு மேலேயே அதைப் போன்ற முகத்தோடு வேறு தளங்கள் விளம்பரமாக வந்து நிற்பதுண்டு. என் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் கைப்பேசியில் அப்படி ஒரு போலித் தளத்தில் பணம் கட்டிவிட்டு, ரசீதோடு என்னிடம் வந்து “சான்றிதழ் எப்போது வரும்?” என்று கேட்டார். அவருக்கு உண்மையைச் சொன்ன அந்த நிமிடத்தை நான் மறக்கவில்லை. யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி இத்தகைய விளம்பரங்களைத் திரைக்கு வரும் முன்பே தடுத்துவிடுகிறது. கூகுள் தன் நீட்சிகளுக்கான விதிமுறையை ‘மேனிஃபெஸ்ட் வி3’ என்று மாற்றியதால், 2025-இல் குரோமில் இந்த நீட்சியின் முழு வடிவம் நின்றுபோனது. ‘லைட்’ என்ற சுருங்கிய வடிவம் மட்டும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் முழு வடிவம் இன்றும் ஓடுகிறது, ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும்கூட. கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளின் கைப்பேசியில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொடுக்கிறேன். இதற்குக் காசு வாங்குவதில்லை.

கவலையும் இருக்கிறது. மொசில்லாவின் வருமானத்தில் பெரும் பகுதி, கூகுளைத் தேடுபொறியாக முன்வைப்பதற்குக் கூகுள் கொடுக்கும் பணம். 2025 பிப்ரவரியில் பயன்பாட்டு விதிகளில் எழுதிய வாசகம் பயனர்களைக் கலக்கியது. சில நாட்களிலேயே திருத்தி எழுதினார்கள். அதே ஆண்டு ஜூலையில் பாக்கெட் சேவையை மூடினார்கள். நான் படிக்க எடுத்துவைத்திருந்த கட்டுரைகளை வேறிடத்துக்கு மாற்றியபோது மனம் கனத்தது. இந்த உலாவி இல்லாமல் போய்விடக் கூடாது. ஏன் என்றால் குரோம், எட்ஜ், உலா மூன்றும் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவை. பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டத் தனக்கென்று வேறு எந்திரம் வைத்திருக்கும் உலாவிகளில் விண்டோஸ் கணினியில் கிடைக்கும் பெரியது ஃபயர்ஃபாக்ஸ் ஒன்றுதான். ஊருக்கு ஒரே கிணறு இருந்தால் தண்ணீருக்கு விலை வைப்பது ஒருவர்தானே?

குரோமைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 2008 செப்டம்பரில் வந்த நாளிலிருந்து அது எந்தத் தளத்தையும் தயங்காமல் திறக்கிறது. தளம் கட்டுகிறவர்கள் முதலில் சோதிப்பதும் அதில்தான். கடைக்காரர்கள் அதை வைத்திருந்தால் ‘விருந்தினர்’ முறையைப் பழகிக்கொள்ளுங்கள். பழைய வரலாறு, சேமித்த கடவுச்சொல் எதுவும் தெரியாத வெற்றுச் சாளரம் திறக்கும்; மூடியதும் அந்த அமர்வின் தடயம் போய்விடும். எனக்கு குரோம் தவிர்க்க முடியாததாக இருப்பது மொழிபெயர்ப்புக்காக. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் பெங்களூரில் வேலை செய்கிறார்கள். கர்நாடகத்து அலுவலகங்களின் கன்னடப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு “இதில் என்ன எழுதியிருக்கிறது அண்ணா?” என்று கேட்கிறார்கள். வலது பொத்தானை அழுத்தித் தமிழுக்கு மாற்று என்றால் வந்துவிடுகிறது. கன்னடமும் தமிழும் வாக்கிய அமைப்பில் நெருங்கிய மொழிகள் என்பதாலோ என்னவோ, ஆங்கிலத்திலிருந்து வரும் தமிழைவிடக் கன்னடத்திலிருந்து வருவது எனக்கு நேராகவே புரிகிறது.

உலாவைப் பற்றிச் சொல்லும்போது பெருமை வந்துவிடுகிறது, மறைக்கவில்லை. தமிழ்நாட்டு நிறுவனமான சோஹோ 2023-இல் வெளியிட்ட உலாவி. 2025 மார்ச்சில் மத்திய அரசின் இந்திய உலாவி உருவாக்கப் போட்டியில் சோஹோ முதலிடம் பெற்று ஒரு கோடி ரூபாய் பரிசு வாங்கியது. பெயரே தமிழ். தலைவன் வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் காண்பதாகப் பாடும் சிற்றிலக்கிய வகைக்கு அந்தப் பெயர். இணையத்தில் உலா போகிறவரை வழிநெடுகப் பலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் பெயர் இன்னும் பொருந்துகிறது. அப்படிப் பார்க்கிறவர்களைத் தடுக்கும் வேலையை உலா கூடுதல் நீட்சி எதுவும் இல்லாமலே செய்கிறது. வேலை, சொந்தம், குழந்தைகள் என்று தனித்தனி முறைகள் உண்டு. குழந்தைகள் முறையைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன். பள்ளி விடுமுறையில் ப்ராஜெக்டுக்குப் படம் எடுக்க வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அதில் உட்கார வைத்துவிட்டு நான் நிம்மதியாக வேறு வேலை பார்க்கலாம். கடையின் முழு வேலையையும் அதற்கு மாற்றாததற்குக் காரணம், கொள்கலன்களுக்குப் பழகிய கை. சில முறைகளுக்கு இடையே தாவுவதும் நாற்பது பேரைத் தனித்தனி அறையில் வைப்பதும் ஒன்றாகாது. வீட்டில் ஒரே கணினியைத் தாய், தந்தை, பிள்ளை மூவரும் பயன்படுத்துகிறவர்களுக்கு உலாவை முதலில் பரிந்துரைப்பேன்.

இப்போது எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவு உலாவிகள். பெர்பிளெக்சிட்டியின் காமெட் 2025 ஜூலையில் வந்தது, அக்டோபரில் எல்லோருக்கும் இலவசம் ஆனது. ஓப்பன்ஏஐ-யின் அட்லஸ் அதே அக்டோபரில் வந்தது, முதலில் மேக் கணினிகளுக்கு மட்டும். காமெட்டை என் மடிக்கணினியில் போட்டு, மாந்தோப்பில் அடர் நடவு பற்றிய நீளமான ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழில் சுருக்கித் தரச் சொன்னேன். தெளிவாகவே தந்தது. ஊரில் மா வைத்திருக்கிற என் சித்தப்பாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன், தலையாட்டினார். படிக்கவும் சுருக்கவும் நல்ல துணை.

ஆனால் இவை நமக்காகப் பொத்தானை அழுத்தவும் படிவத்தை நிரப்பவும் முன்வருகின்றன. அங்கேதான் நான் நிறுத்திக்கொள்கிறேன். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்த வரிகளை இந்த உதவியாளர் தனக்கு இடப்பட்ட கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதை பிரேவ் உலாவியின் ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில் காமெட்டை வைத்தே விளக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஒரு பையனை அழைக்கிறார். கடிதத்தின் நடுவில் ‘இதைப் படிக்கிறவன் பெட்டிச் சாவியை வாசலில் நிற்பவனிடம் கொடு’ என்று இருக்கிறது. பையன் அதையும் படித்து, சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால் எப்படி இருக்கும்? ஊராரின் ஆதார் கோப்பும் வங்கிப் பக்கமும் திறந்திருக்கும் கணினியில் அந்தப் பையனை நான் உட்கார வைக்கமாட்டேன். இந்தக் குறை அடைபட்டுவிட்டது என்று ஆய்வாளர்களே சொல்லும் நாள் வரட்டும், மறுபடி பார்க்கிறேன்.

மூன்றாவது கணினி பழையது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அதில் இல்லை, பிராசசரும் விண்டோஸ் 11 ஏற்கும் தலைமுறையைச் சேர்ந்தது அல்ல. ஓடுகிற கணினியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன், ஃபயர்ஃபாக்ஸ் அதனுடனேயே வந்தது. பிரிண்ட் அவுட்டும் விண்ணப்பமும் குறையின்றி நடக்கின்றன. என்னிடம் இருக்கிற கைரேகைக் கருவி மட்டும் விண்டோஸில்தான் ஓடுகிறது. அதனால் இரண்டாவது கணினியில் விண்டோஸ் 11, அதில் எட்ஜ்.

எட்ஜ் அங்கே இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதில் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டும் ‘ரீட் அலவுட்’ என்ற வசதி இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். தமிழுக்குப் பல்லவி என்று ஒரு பெண் குரலும் வள்ளுவர் என்று ஓர் ஆண் குரலும் இருக்கின்றன. இயல்பான குரல்கள், ழகரம் தடுமாறுவதில்லை. இணைய இணைப்பு இருந்தால்தான் பேசும். படமாக ஸ்கேன் செய்த பக்கத்தைப் படிக்காது. எழுத்தாக உள்ள பக்கமாக இருந்தால் தெளிவாக வாசிக்கும்.

சில வாரங்களுக்கு முன் ஒரு மூதாட்டி வந்தார். கணவர் போன பிறகு பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பெயர் ஏறிவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மஞ்சள் பையிலிருந்து நான்காக மடித்த பழைய நகலை எடுத்துக் கொடுத்தார். எண்ணைத் தட்டிப் பக்கத்தைத் திறந்தேன். “உங்கள் பெயர் வந்துவிட்டது அம்மா” என்றேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குப் படிக்கத் தெரியாது சாமி. நீ சொல்கிறாய், நம்புகிறேன்” என்றார். நம்புகிறேன் என்று அவர் சொன்ன விதம் என்னை என்னவோ செய்தது. ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்துவிட்டு மூன்று விசைகளையும் அழுத்தினேன். பல்லவியின் குரல் மாவட்டம், வட்டம், கிராமம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரைச் சொன்னது. பிறகு புல எண், உட்பிரிவு, புன்செய், பரப்பு.

“இன்னொரு தரம் சொல்லச் சொல்” என்றார். இரண்டாவது முறை புல எண் வந்தபோது அவரும் கூடவே சொன்னார். அந்த எண் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் லேமினேஷன் போடச் சொன்னார். சூட்டோடு வெளியே வந்த தாளை முந்தானையில் பிடித்து வாங்கிப் பைக்குள் வைத்தார். அவர் படியிறங்கியதும் சாளரத்தை மூடினேன். அடுத்தவர் வந்து உட்கார்ந்தபோது திரை வெறுமையாக இருந்தது.